பாலைக் கன்றுக்கு மூன்று அடி

பூசாரியின் இரண்டு விரல்கள் என் தொண்டைக்குள் போனபோது எனக்கு ஒன்பது வயது. பாலைப்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பாமல் விழுங்கியிருந்தேன். வேண்டுமென்றே செய்ததல்ல. பழம் அத்தனை இனிப்பு, கொட்டை அத்தனை வழுவழுப்பு. ஆனால் கூட இருந்த பிள்ளைகள் "முழுங்கிட்டா, முழுங்கிட்டா" என்று கத்திவிட்டார்கள். அவர் என் கழுத்தைப் பிடித்து முழங்காலில் குப்புறப் போட்டு, உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, விரலை விட்டுக் குடைந்தார். மூன்றாவது தடவை வாந்தியில் ரத்தத்தோடு கொட்டை வந்தது. அதைத் தண்ணீரில் அலசிக் காட்டுக்குள் வீசினார். "போ, திரும்பிடுச்சி. அடி கிடையாது" என்றார்.

நான் அவர் விரலைக் கடித்திருந்தேன். அந்தத் தழும்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில் பிரிகிற வண்டிப்பாதையில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே, ராஜகிரி மலை தெரிகிற பக்கம், ஐயனார் காடு. பெரிய காடு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் நின்று கல் எறிந்தால் பாதி தூரம் போகும். ஆனால் உள்ளே போனால் மத்தியானத்தில்கூட வெயில் தரையில் விழாது. காசா மரம், வீரை மரம், பேர் தெரியாத கொடிகள், நடுவில் நான்கு ஆள் கைகோர்த்தாலும் கட்ட முடியாத உலக்கைப்பாலை. அதன் அடியில் மண் குதிரையும் ஐயனாரும்.

அந்தக் காட்டுக்கு எங்கள் ஊரில் சட்டம் உண்டு. இரும்பு உள்ளே போகக் கூடாது. காய்ந்த சுள்ளியில் அங்கேயே பொங்கல் வைக்கலாம், வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. பழம் தின்னலாம், கொட்டையை உள்ளேயே துப்ப வேண்டும். வெளியே வரும்போது எல்லைக்கல் பக்கத்தில் நின்று புடவையையும் வேட்டியையும் உதற வேண்டும், காலைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒரு இலை, ஒரு விதை கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் புளிய விளாறால் மூன்று அடி. ஆணுக்கு முதுகில், பெண்ணுக்குக் கெண்டைக்காலில். அடிக்க வேண்டியது சொந்தத் தகப்பன். பாசத்தில் மெதுவாக அடித்தால் பூசாரி "இது செல்லாது" என்பார், மறுபடி அடிக்க வேண்டும். அடி முடிந்துவிட்டால் எடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம். அதற்கப்புறம் சாமியும் கேட்காது, ஊரும் கேட்கக் கூடாது.

என் நைனா விறகு வெட்டுகிறவர். மலையடியில் முள்ளும் கட்டையும் வெட்டிச் செஞ்சி டீக்கடைகளுக்குச் சுமந்துபோய்ப் போடுவார். காட்டில் சாமி கும்பிடப் போனால் கோடாலியை எல்லைக்கல்லுக்கு வெளியே சாய்த்துவிட்டுத்தான் போவார். கையெழுத்துத் தெரியாது, பெருவிரல்தான். எங்கள் வீட்டில் அதுவரை பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் யாருமில்லை. நான் மிதித்தேன். ஊர்ப் பள்ளியில் ஐந்து முடித்து, செஞ்சி உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் நடந்து போய்ப் படித்தேன். வழியில் "கலெக்டர் போறாங்க, வழி வுடுங்க" என்று கிண்டல் செய்த பையன் ஒருவனின் மண்டையில் சிலேட்டை உடைத்திருக்கிறேன். புது சிலேட்டுக்காக வீட்டிலும் அடி வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது விஞ்ஞான டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு இலைக் கொப்பைக் காயவைத்து நோட்டில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும், இன்னொருத்தர் கொண்டுவராததாக இருக்க வேண்டும். எல்லாரும் புங்கன், பூவரசு, வேம்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாரையும் ஜெயிக்க வேண்டும். பாலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பை ஒடித்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு, எல்லைக்கல்லில் எல்லாரையும்போல உதறுவதாகப் பாவனை செய்துவிட்டு வந்தேன். மறுநாள் பூசாரி மரத்தில் பால் வடிந்து உறைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். யார் என்று கேட்டதும் நானே சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது.

மண் குதிரைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். நைனாவின் முதல் அடி ஈ ஓட்டுவதுபோல விழுந்தது. "செல்லாது" என்றார் பூசாரி. அதற்கப்புறம் விழுந்த மூன்றும் கெண்டைக்கால் தோலைப் பிளந்தன. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார்: "ஒரு கொப்புக்காடி இந்த அடி?"

"முதல் மார்க் வரும் நைனா."

"மார்க்கை இன்னா சோத்துல போட்டுத் துன்னுவியா?"

முதல் மார்க்தான் வந்தது. டீச்சர் அந்தக் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செக்குக்கும் உலக்கைக்கும் வாசக்காலுக்கும் வெட்டி வெட்டி இந்த மரமே இந்தப் பக்கம் இல்லைன்னு நினைச்சேன். எங்க கிடைச்சுது?" என்றார். என் பக்கத்தில் உட்காரும் பெண் மேல்சித்தாமூர் ஜைன வீட்டுப் பெண். அவள் என் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பூச்சி வுழுந்து செத்துடும்னு எங்க வீட்ல பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம். உங்க ஊர்ல இலைக்காகப் பொண்ணைக் கிழிக்கிறாங்களா?"

டீச்சர் சொன்னது எனக்குள் நின்றுவிட்டது. அன்றிலிருந்து போகிற வழியெல்லாம் பாலை மரம் தேடினேன். கோட்டைச் சுவர் ஓரம், ஏரிக்கரை, சிங்கவரத்து மலையடி, சீயமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அங்கே பாறைக்கோயில் பக்கம். எங்கும் இல்லை. காக்காயும் வௌவாலும் எங்கள் காட்டு விதையை வெளியே கொண்டுவந்து போட்டிருக்கும்தான். ஆனால் வெளியே எல்லாம் வேர்க்கடலை போடுகிற மணிலாக் கொல்லை, வருஷா வருஷம் உழவு, மிச்சத்துக்கு ஆடு. தப்பித்ததெல்லாம் தாய்மரத்தின் அடியில் இருந்தது. நாங்கள் துப்பிய கொட்டைகள் அங்கே புல்லைப்போல முளைத்து, நிழலில் வெளிச்சம் கிடைக்காமல் விரல் உயரத்திலேயே வருஷக் கணக்கில் நின்றன. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாங்கள் புடவையை உதறி உதறிக் காப்பாற்றியது இதைத்தான். அந்த ஒரு இடம் போனால் எல்லாம் போகும்படி காப்பாற்றியிருந்தோம்.

அந்த ஒரு இடம் போகிற நாளும் வந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்திருந்தேன். ஊருக்குக் கரண்ட் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டாமை தன் கொல்லையில் மோட்டார் போட்டு, சிமெண்டில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிமெண்ட் ஆசை சாமிக்கும் தாவியது. சாவடியில் ஊரைக் கூட்டினார்.

"ஐயனார் வெயில்ல காயறார், மழையில நனையறார். நம்மெல்லாம் கூரைக்குக் கீழ படுத்துக்கினு இருக்கறோம். அவருக்கு ஒரு கட்டடம் வேணுமா வேணாமா? மரத்தைச் சூளைக்காரனுக்கும் மரவாடிக்கும் குடுத்தா கோயில் எழும்பிடும். மரமும் அவருது, கோயிலும் அவருது. நடுவுல நமக்கு இன்னா?"

ஆண்கள் எல்லாம் தலையாட்டினார்கள். பூசாரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எல்லைக்கல்லைத் தாண்டுமே?"

"சாமி காரியத்துக்குத் தாண்டறது தாண்டறதா? உன் வாயாலயே சொல்லு."

பூசாரி யோசித்தார். "சாமி காரியம்னா அடி இல்ல" என்றார். அவர் மனசில் அது சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

பெண்கள் நிற்கிற ஓரத்திலிருந்து நான் சொன்னேன்: "காடு இருக்கறதாலதான் அவர் காயாம இருக்கறார்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஒரு கொப்புக்கு என் கால்ல மூணு அடி. இத்தினி மரத்துக்கு யார் முதுகு?"

நாட்டாமை என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தார். "ஏம்பா, பள்ளிக்கூடத்துல உன் பொண்ணுக்கு வாய்க்கு மட்டும்தான் பாடம் எடுத்தாங்களா? கோடாலி வேலையை ஒத்துக்கினவன் நீ. வூட்டுல சொல்லலியா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வெட்டப் போகிறவரே நைனா என்று. அவர் எழுந்து கூட்டத்தைக் கடந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். தோடு அறுந்து காதுச்சோணை கிழிந்தது. ரத்தம் ரவிக்கைத் தோளில் சொட்டியது. சாவடியே சிரித்தது. அம்மா முந்தானையால் என் காதைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

வெட்டு திங்கட்கிழமை. ஞாயிறு காலை, கோழி இறங்கும் நேரத்தில், ஓலைக் கூடையோடு காட்டுக்குப் போனேன். இரும்பு எடுத்துப் போகவில்லை. காய்ந்த வீரைக் குச்சியால் தோண்டினேன். பாலைக் கன்று பார்க்க விரல் அளவு, வேர் முழங்கை அளவு. வேர் அறுந்தால் செத்தது. ஒன்றைத் தோண்ட அரை மணி ஆனது, நகம் இரண்டு பெயர்ந்தது. ஏழு கன்று எடுத்தேன், மண்ணோடு ஈரத்துணி சுற்றிக் கூடையில் அடுக்கினேன். எட்டாவதுக்கு நேரமில்லை. பூசாரி காலை விளக்கேற்ற வரும் நேரம் ஆகிவிட்டது. அவர் கண் முன்னால் எல்லைக்கல்லைத் தாண்டி நின்றேன்.

"உள்ள வெச்சிட்டு வா" என்றார்.

"மாட்டேன். ஊரைக் கூப்புடுங்க. ஏழு கன்னு. இருபத்தோரு அடி."

"இன்னா மே, பைத்தியமா உனக்கு? நாளைக்கு எல்லாம் போவப்போவுது. தூக்கிக்கினு போ. நான் பார்க்கல."

எனக்கு அந்த நிமிஷம் ஆசை வந்தது. ஓடிவிட்டிருக்கலாம். ஆனால் அடி வாங்காதது எனக்குச் சொந்தமில்லை. நாளைக்கு நாட்டாமை மகன் யாராவது வந்து "சாமி கன்னு" என்று பிடுங்கிப் போட்டால் நான் வாய் திறக்க முடியாது. "அடிக்காம குடுத்தா திருட்டு. நீங்கதான் அதுக்கு சாட்சி" என்றேன். சட்டத்தை என்னைவிட அதிகம் நம்பியவர் அவர். முகம் வெளுத்து ஊருக்குள் போனார்.

ஊர் வந்தது. நைனாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "வேணாம்மா, கன்னைக் கீழ வை" என்று அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. நான் கூடையைக் காலுக்கு முன்னால் வைத்து, புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். ஊரே எண்ணியது.

மூன்றில் ஒரு கன்று. ஆறில் இரண்டு. ஐந்தாவது அடிக்கே பழைய தழும்புகள் வாய் திறந்துவிட்டன. ஏழாவது அடியில் கால் மடிந்து எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். எட்டாவது, "செல்லாது." நைனா பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் எட்டு. ஒன்பது. விளாறின் நுனி ஒடிந்து ரத்தத்தோடு என் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. புது விளாறு கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, முழங்காலில் வைத்து உடைத்து எறிந்தார்.

"என்னால ஆவாது. வேற எவனாவது என் பொண்ணைத் தொட்டா அவன் கையை வெட்டுவேன்."

"அடிங்க நைனா. இன்னும் நாலு கன்னு இருக்குது" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பூசாரி கூடையிலிருந்து மூன்று கன்றுகளை எடுத்து என் கையில் வைத்தார். "இது உன்னுது." மிச்சம் நாலையும் எல்லைக்கல்லுக்கு உள்ளே போட்டார். நடவில்லை, போட்டார்.

"நாளைக்கு அங்க ஒண்ணும் இருக்காதே" என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் சாமிது" என்றார்.

அன்று மத்தியானம் நைனாவுக்கு அடித்த கை வலித்துத் தூக்க வரவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அம்மா பிசைந்து ஊட்டினாள். ஒரு பக்கம் என் காலுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைத்தாள், இன்னொரு பக்கம் அவருக்குச் சோறு ஊட்டினாள், இருவரையும் ஒரே வார்த்தையால் திட்டினாள்.

மறுநாள் காலை அவர் கோடாலியைச் சாணை பிடித்துத் தோளில் போட்டார். "போறீங்களா?" என்றேன். "வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அந்தக் கோடாலி அன்றுதான் முதல் முறையாக எல்லைக்கல்லைத் தாண்டியது.

நான் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். காசா மரங்கள் ஒரு நாளில் விழுந்தன. தேன்கூடு ஒன்று கிழிந்து, கூட வெட்டின ஆளின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. பாம்புகள் வெளியே வந்தன. பையன்கள் கழியோடு காத்திருந்து அடித்து, எல்லைக்கல் மேலேயே வரிசையாகக் காயப்போட்டார்கள். கீரிக்குட்டிகளை நாய்கள் கிழித்தன. பாலை மரம் மட்டும் நாலு நாள் நின்றது. கோடாலி வாய் இரண்டு தடவை உடைந்தது. வெட்டின இடத்தில் பால் பொங்கி வடிந்ததாகவும், உள்ளே கட்டை மாமிசம்போலச் சிவந்திருந்ததாகவும் அம்மா வந்து சொன்னாள். ஐந்தாம் நாள் விழுந்தபோது எங்கள் வீட்டுச் சட்டிகள் அதிர்ந்தன. அது குதிரையின் மேல் விழுந்து, குதிரை தூளாகிப்போனது.

கோயில் எழும்பியது. நாலு தூண், ஒரு கூரை, நீலப் பெயிண்ட். பாலையின் அடிக்கட்டை மட்டும் மரவாடிக்குப் போகவில்லை. நாட்டாமையின் புது வீட்டுக்கு வாசக்காலாகப் போனது. இது பூசாரிக்குத் தெரிந்த அன்று மத்தியானம், அவர் கையில் புளிய விளாறோடு நாட்டாமை வாசலில் போய் நின்றார்.

"இது சாமி காரியம் இல்ல. உன் வூட்டுக் காரியம். மூணு அடி. உங்க அப்பன் இல்ல, அதனால உன் தம்பி அடிக்கணும். அடிச்சிட்டா வாசக்கால் உன்னுது."

நாட்டாமை முதலில் சிரித்தாராம். பூசாரி நகரவில்லை. நாட்டாமையின் மகன்கள் மூன்று பேரும் வந்து அந்த விளாறைப் பிடுங்கி அவர் முதுகிலேயே அடித்தார்கள். அப்புறம் உலக்கையால். தோள் எலும்பு முறிந்து வாசலில் கிடந்தவரைத் தூக்கிவந்து மாட்டுவண்டியில் ஏற்றியது என் நைனா. நான் பக்கத்தில் உட்கார்ந்து செஞ்சி ஆஸ்பத்திரிவரை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் முனகினார். என் பல் பதிந்த விரல் என் மடியில் கிடந்தது. பாதி வழியில் கேட்டார்: "கன்னு மூணும் இருக்குதா?"

"இருக்குது."

"தண்ணி ஊத்து" என்றார்.

மூன்றும் உடைந்த குடங்களில் எங்கள் வீட்டுப் பின்னால் இருந்தன. ஒன்றை அந்த மழைக்காலத்தில் அடுத்த வீட்டு ஆடு தின்றது. அந்த ஆட்டின் காலை நான் கல்லால் உடைத்தேன், இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை. இன்னொன்று நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போய் விடுதியில் இருந்த கோடையில் காய்ந்துவிட்டது. மூன்றாவதை அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரில் காப்பாற்றி வைத்திருந்தாள்.

பயிற்சி முடித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கே டீச்சராக வந்தேன். எங்கள் வீட்டில் முதல் சம்பளக் கையெழுத்து என்னுடையது. வந்த வாரமே அந்தக் கன்றைக் குடத்தோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் கிணற்றுப் பக்கம் நட்டேன். சுற்றிலும் நைனா முள்வேலி கட்டினார். இந்த வருஷம்தான் அது என் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பாலை அப்படித்தான் வளரும். அது பழுக்கும்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். எங்கள் ஊரைச் சுற்றி நான் அறிந்தவரை அது ஒன்றுதான் மிச்சம்.

போன மாதம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேலிக்குள் கையை விட்டு அதில் ஓர் இலையைப் பறித்துவிட்டாள். மொத்தமே பதினான்கு இலை. பறித்த இடத்தில் பால் நின்றது. எனக்குக் கண் இருட்டியது. அவளை இழுத்துவந்து, கையை நீட்டச் சொல்லி, பிரம்பால் அடித்தேன். மூன்று. மெதுவாக அடிக்கவில்லை. அவள் அழவில்லை. உள்ளங்கை சிவந்து தடித்துப்போய் இருந்தது. இன்னொரு கையில் அந்த இலையை விடாமல் பிடித்திருந்தாள்.

"இப்ப இது என்னுதா டீச்சர்?" என்றாள்.

இந்தப் பிள்ளைகள் யாருக்கும் அந்தக் காட்டை உள்ளே போய்ப் பார்த்திருக்கும் வயதில்லை. ஆனால் சட்டம் மட்டும் தெரிந்திருக்கிறது.

"உன்னுதுதான்" என்றேன். அவள் அதைப் பாடப் புத்தகத்தில் நடுப்பக்கம் பார்த்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நைனா வந்து வேலியை உயர்த்திக் கட்டினார். இப்போது அவருக்கு விறகு வேலை இல்லை, கொல்லை வேலைக்குப் போகிறார். கருவேல முள்ளை வளைத்துக்கொண்டே கேட்டார்: "எவ பறிச்சா?"

சொன்னேன்.

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

"எத்தினி?"

"மூணு."

முள்ளைக் கயிறு போட்டு இறுக்கினார். முள் குத்தி விரலில் வந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், கன்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"உன் கை வலிச்சுதா?"

"வலிச்சுது நைனா" என்றேன்.